அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை அயலவரின் கண்ணில் பட வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் பிறந்து, வாவியோரத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்து வருபவன் நான். எங்கள் வட்டையின் (வயல்தொகுதியின்) கமக்காரர் அமைப்பில் பல ஆண்டுகள் செயலாளராகவும் இருந்திருக்கிறேன். ஈரநிலங்களையும், வெள்ளம் பரவும் தாழ்நிலங்களையும், கரையோரத்தையும் காப்பதற்கென்று அரசு வழங்கும் அனுமதிப்பத்திரங்கள் எவ்வாறு அவற்றைக் காக்கின்றன, எந்த இடத்தில் காக்கத் தவறுகின்றன என்பதை எங்கள் குறுக்குவீதியிலேயே கண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது. பொறுத்துக்கொண்டு பிரசுரிக்குமாறு வேண்டுகிறேன்.

எங்கள் குறுக்குவீதியின் அடியில் ஒரு போக்கு உண்டு. இரண்டு சீமெந்துக் குழாய்கள், அவ்வளவுதான். கடற்பக்கத்து மணல்மேட்டில் பெய்யும் மாரி மழை அந்தப் போக்கினூடாக மேற்கே இறங்கி, ஒரு பள்ளக்காணியில் விரிந்து நின்று, பிறகு மெல்ல மெல்ல வாவியைச் சேரும். அந்தப் பள்ளக்காணியில் பன்னும் கோரையும் வளர்ந்திருந்தன. பாய் இழைக்கும் பெண்கள் அங்கேதான் பன் அறுப்பார்கள். மார்கழியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், பங்குனிக்குப் பிறகு மாடுகள் மேயும். ஆண்டில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கும் நிலம் என்பதால் வெளியூரார் பலர் அதை வெறுங்காணி என்றே நினைத்தார்கள். அது வெள்ளம் வந்து இளைப்பாறிப் போகும் இடம் என்பதை நாங்கள் சிறுவயது முதலே அறிவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அப்பள்ளக்காணியில் 18 பேர்ச் (160 பேர்ச் ஓர் ஏக்கர்) துண்டொன்றை ஓர் இளைஞர் வாங்கினார். கட்டாரில் ஒன்பது ஆண்டுகள் உழைத்த பணம் அது. நான்கு நாட்கள் டிப்பர்கள் கிரவல் கொண்டுவந்து கொட்டின. காணி வீதியின் மட்டத்திற்கு உயர்ந்தது. பிறகு நான்கு பக்கமும் மதில் எழும்பியது; வடக்கு மதில் போக்கின் வாய்க்கு நேரே வந்து முடிந்தது. நாங்கள் சிலர் போய்க் கேட்டபோது அவர் மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தி, உரிய அலுவலகத்தில் முறைப்படி பெற்ற அனுமதிக் கடிதத்தைக் காட்டினார். முத்திரையும் கையொப்பமும் இருந்தன. அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பி வந்தோம்.

2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் அந்த மதில் அணைக்கட்டாக மாறியது. போக்கினூடாக வந்த தண்ணீர் மதிலில் முட்டித் திரும்பி, எங்கள் வீதியின் கிழக்குப் பக்கத்து வீடுகளுக்குள் ஏறியது. முன்னைய வெள்ளங்களில் ஒன்றரை நாளில் வடிந்த தண்ணீர் அந்த முறை ஒன்பது நாட்கள் நின்றது. எங்கள் அடுப்படியில் அடுப்புக்கல் மூழ்கி, விதைநெல் மூடைகள் மூன்று கீழிருந்து முளைவிட்டன. சுவரில் படிந்த மண்நிறக் கோடு இன்றும் இருக்கிறது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அது மேலே தெரிகிறது. மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் ஒரே தண்ணீராகிவிட்ட நிலையில் கைக்குழந்தைகளை வைத்திருந்த குடும்பங்கள் பட்ட அவலத்தை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. மாரி வெள்ளம் கண்ட வாசகர்கள் அறிவார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அனுமதியின் முழுப் பிரதியைக் கேட்டு விண்ணப்பித்தேன். சில வாரங்களில் பிரதி கிடைத்தது. இளைஞர் எங்களுக்குக் காட்டியது முதற் பக்கம் மட்டுமே. இரண்டாம் பக்கத்தில், சிறிய ஆங்கில எழுத்தில், ஆறு நிபந்தனைகள் இருந்தன. அவற்றுள் நான்காவது, வீதிப் போக்கின் தொடர்ச்சியாகக் காணியின் வடக்கெல்லை நெடுகிலும் ஆறடி அகலத்தில் திறந்த வடிச்சல் விடப்பட வேண்டும் என்று தெளிவாகக் கூறியது. அதை எழுதிய அலுவலர், பெயரறியாத ஒருவர், நிலத்தை வந்து பார்த்திருக்கிறார், போக்கைக் கண்டிருக்கிறார், தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்திருக்கிறார். எங்களைக் காக்கும் வரி எழுதப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, அலுமாரிக்குள் இருந்தது. அதை மேசனும் வாசிக்கவில்லை, டிப்பர் சாரதியும் வாசிக்கவில்லை, பாதிக்கப்படப் போகும் நாங்களும் வாசிக்கவில்லை. காணிக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது அவர் நீண்ட நேரம் பேசாமலிருந்துவிட்டு, “ஐயா, தாள் இருந்தது உண்மை, அதிலே என்ன இருக்கு என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையே” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அடுத்த வாரமே மதிலின் அடியில் நான்கு இடங்களில் உடைத்துத் தண்ணீருக்கு வழிவிட்டவர் அவர்.

இச்சம்பவத்தை எழுதுவதற்குக் காரணம், எங்கள் நாட்டில் சட்டமே இல்லை என்று பலர் கூறக் கேட்கிறேன், அது சரியன்று. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரையும், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என வரையறுத்து, அதற்குள் அபிவிருத்தி வேலை செய்வதற்கு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்று விதித்தது. கடலோடு தொடுக்கும் ஆறுகளையும் களப்புகளையும் அது வாயிலிருந்து 2 கிலோமீற்றர் வரை உள்ளடக்கியது. 2011 ஆம் ஆண்டின் திருத்தம் அத்தகைய நீர்நிலைகளின் ஓரத்தைச் சுற்றி மேலும் 100 மீற்றரைச் சேர்த்தது. கமநல அபிவிருத்திச் சட்டம், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கம், கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி வயற்காணியை நிரப்பலாகாது என்கிறது. மணல் அகழ்வதற்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். 1924 ஆம் ஆண்டிலேயே வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டிருக்கிறது. இவற்றோடு பிரதேச சபை, மாநகர சபை ஆகியவற்றின் கட்டட அனுமதியும் சேரும்போது, ஒரு பள்ளக்காணியைச் சுற்றி நான்கைந்து வேலிகள் இருக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த வேலிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1993 ஜூனில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை மீட்டு நிரப்பும் வேலையைச் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டிய கருத்திட்டமாகக் குறிக்கிறது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று தயாரிக்கப்பட்டால், அதைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துக் கூற 30 நாட்கள் அளிக்கப்படும். நல்ல ஏற்பாடு. ஆனால் 4 ஹெக்டேயர் என்பது 10 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் பகுதியில் யாரும் ஒரே நாளில் 10 ஏக்கர் ஈரநிலத்தை நிரப்புவதில்லை. 10 பேர்ச், 15 பேர்ச் என்று துண்டாடி விற்று, துண்டு துண்டாகவே நிரப்புகிறார்கள். 10 பேர்ச் வீதம் 150 க்கும் மேற்பட்ட துண்டுகள் நிரப்பப்பட்டாலும், ஒவ்வொன்றும் தனித்தனி விண்ணப்பம் என்பதால், எவருக்கும் எந்தக் கேள்வியும் எழுவதில்லை.

அந்தக் கணக்கைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் விபரீதம் விளங்கும். 10 பேர்ச் காணியை மூன்றடி உயர்த்துவதற்கு ஏறத்தாழ 82 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கிரவல் வேண்டும். மூன்று கியூப் டிப்பரில் 27 அல்லது 28 லோட். அந்தக் கிரவல் பிடித்துக்கொண்ட இடத்தில் முன்னர் 2,30,000 லீற்றருக்கும் அதிகமான வெள்ளநீர் நின்றிருக்கும். அந்த நீர் காணாமற் போவதில்லை, அயற்காணிக்குப் போகிறது. 10 ஏக்கரும் இவ்விதம் நிரம்பும்போது ஏறத்தாழ 3.7 கோடி லீற்றர் தண்ணீர் வேறிடம் தேடுகிறது. அது தேடிப் போகும் இடம், கிரவல் வாங்கப் பணமில்லாதவரின் வீடாகவே பெரும்பாலும் இருக்கிறது. முதலில் நிரப்பியவர் தப்புகிறார், அவரைப் பார்த்து அடுத்தவர் அவரைவிட ஓர் அடி உயர்த்துகிறார். கடைசியில் கிராம வீதிதான் வாய்க்காலாகிறது.

எங்கள் மாவட்டத்தின் நில அமைப்பும் இதற்கு இடங்கொடுப்பதாக இல்லை. வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் வரை நீண்டு கிடக்கிறது. கடலுக்குத் திறக்கும் வாய்களோ வடக்கே பாலமீன்மட்டு முகத்துவாரமும் தெற்கே கல்லாற்றுப் பகுதியும் மட்டுமே. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு மேற்கே உள்ள மலைப்பாங்கான நிலங்களிலிருந்தும் குளங்களின் வான் கதவுகளிலிருந்தும் வரும் தண்ணீர் அந்த ஒடுங்கிய வாய்களை அடையும் வரை எங்காவது காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடங்கள்தான் வாவியோரத்துச் சதுப்புகளும், கண்ணாக் காடுகளும், வெள்ளநீர் தேங்கும் வில்லுகளும், மாரிநீர் ஓடும் தோணாக்களும், வயல்வட்டைகளும். ஒவ்வொரு மாரியிலும் மணல் அடைத்த முகத்துவாரத்தை எப்போது வெட்டித் திறப்பது என்று விவசாயிகளும் மீனவர்களும் வாதிடுவது வழமை. வயல் மூழ்குகிறது, உடனே வெட்டுங்கள் என்று நாங்கள் கேட்போம். அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று அவர்கள் சொல்வார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் வாயைப் பற்றி இவ்வளவு வாதிடும் நாம், வாவியின் வயிறு ஆண்டுதோறும் சுருங்கி வருவதைப் பற்றிப் பேசாதிருக்கிறோம். வயிறு சுருங்கச் சுருங்க, வாயை வெட்டும் நாளும் முந்திக்கொண்டு வரும். 2011 ஜனவரியில் நாடெங்கும் 10 இலட்சத்திற்கும் அதிகமான மக்களைப் பாதித்த வெள்ளத்தில் எமது மாவட்டம் பட்ட பாட்டை மறக்க முடியாது. 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில், மதரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டு, பிள்ளைகள் உயிரிழந்ததை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. அந்த வீதி வயல்வெளியை ஊடறுத்துச் செல்லும் வீதி. வெள்ளம் கடலுக்குப் போகும் வழியும் அதுவே.

கரையோரத்தைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் கூறி அப்பால் செல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கும் அதிகமானோர் மாண்டனர். அதன் பின்னர் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடத் தடைவலயம் அறிவிக்கப்பட்டது. எவரிடமும் கேளாமல், நிலத்தின் மேடு பள்ளம் பாராமல், வரைபடத்தில் ஒரே கோடாக இழுக்கப்பட்ட அந்த வலயத்தைக் கடலை நம்பிப் பிழைக்கும் மக்கள் ஏற்கவில்லை. அது பின்னர் தளர்த்தப்பட்டது. மற்றது அம்பாறை மாவட்டக் கரையிலுள்ள ஒலுவில். 2008 இல் வேலை தொடங்கி 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிக்கப்பட்டு, தென்னைகள் வேரோடு கடலில் வீழ்ந்தன, தோணி இழுத்து ஏற்றுவதற்கும் கரைவலை போடுவதற்கும் மணற்பரப்பில்லாமல் போனது. துறைமுகத்தின் வாயே மணலால் அடைபட்டது. அது களவாகக் கட்டப்பட்ட மதிலன்று, அரசின் கருத்திட்டம். ஆகவே அனுமதி வழங்கப்பட்டதா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், என்ன நிபந்தனையில் வழங்கப்பட்டது, வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் அந்த நிபந்தனையை யார் அளந்து பார்த்தார்கள் என்று கேட்பதே எங்களுக்கு உதவும்.

இந்த இடத்தில், வேறொரு நாட்டின் நடைமுறையொன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வாழும் என் தங்கையின் மகனுக்கு ஒருநாள் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்ததாம். அவருடைய அயலவர் நீரோடையோரமாகத் தம் வீட்டைப் பெருப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார், இன்ன திகதியில் பகிரங்க விசாரணை நடைபெறும், வரைபடத்தை இன்ன அலுவலகத்தில் பார்வையிடலாம் என்பதே கடிதத்தின் சாரம். தொலைபேசியில் அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் போக்குத்தான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அம்மாநிலத்துச் சட்டத்தைப் பற்றி அவரிடம் துருவித் துருவிக் கேட்டும், அவர் அனுப்பியவற்றை வாசித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

மாசச்சூசெட்ஸில் கரையோர ஈரநிலங்களுக்கு 1963 இலும், உள்நாட்டு ஈரநிலங்களுக்கு 1965 இலும் தனித்தனியாகச் சட்டங்கள் இயற்றப்பட்டு, 1972 இல் அவை ஒரே ஈரநிலப் பாதுகாப்புச் சட்டமாக்கப்பட்டன. சதுப்பிலோ, அதன் ஓரத்திலிருந்து 100 அடிக்குள்ளோ மண் வெட்டவும் நிரப்பவும் கட்டவும் விரும்புபவர், அந்த ஊரின் பேணல் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆணைக்குழுவில் இருப்பவர்கள் அதே ஊரவர்கள். 100 அடிக்குள் காணியுள்ள அயலவர்களுக்கு அறிவித்தல் போக வேண்டும், பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும், விண்ணப்பம் கிடைத்து 21 நாட்களுக்குள் பகிரங்க விசாரணை தொடங்க வேண்டும். ஆணைக்குழுவின் தீர்மானம் பிழை என்று கருதினால், அயற்காணிக்காரரோ, அந்த ஊரின் பத்து வதிவாளர்கள் சேர்ந்தோ மாநிலத் திணைக்களத்திடம் முறையீடு செய்யலாம்.

வெள்ளம் பரவும் தாழ்நிலத்திற்கு அவர்கள் வைத்திருக்கும் விதி என்னை மிகவும் கவர்ந்தது. அத்தகைய நிலத்தில் ஒருவர் மண் நிரப்பி எவ்வளவு வெள்ளநீரின் இடத்தைப் பிடிக்கிறாரோ, அவ்வளவு இடத்தை, அதே உயரத்தில், அதே வெள்ளப்பரப்போடு தொடுக்குமாறு வேறோரிடத்தில் தோண்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்க்கணக்கில் சொன்னால், 82 கியூப் கொட்டியவர் 82 கியூப் வெட்டிக் கொடுக்க வேண்டும். அதே உயரத்தில் என்பதுதான் அதில் நுட்பமான பகுதி. ஏனென்றால் ஆழமாக ஒரு குழி தோண்டிக் கணக்குக் காட்டினால், அந்தக் குழி முதல் மழையிலேயே நிரம்பிவிடும், வெள்ளம் உச்சத்துக்கு வரும் நாளில் அதனால் ஒரு பயனும் இராது.

நிபந்தனைகளோடு கூடிய கட்டளை வழங்கப்பட்ட பின்னர், வேலை தொடங்குவதற்கு முன் அது காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பெயரில் பதியப்பட வேண்டும். நாளை அக்காணியை வாங்குபவரும் அந்த நிபந்தனையை அறிந்தே வாங்குகிறார். இன்னொன்று, வேலை நடக்கும் இடத்தில் இரண்டு சதுர அடிக்குக் குறையாததும் மூன்று சதுர அடிக்கு மேற்படாததுமான பலகை ஒன்று, திணைக்களத்தின் பெயரோடும் கோவை இலக்கத்தோடும் நிறுத்தப்பட வேண்டும். இரண்டு சதுர அடி என்பது ஒரு தேநீர்க்கடை விலைப்பட்டியலின் அளவு. அதற்கு ஆகும் செலவு எவ்வளவு? வீதியில் போகும் எந்த மனிதரும் அந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போய், அங்கே என்ன அனுமதிக்கப்பட்டது என்று கேட்க முடியும். அங்கும் ஈரநிலங்கள் அழிந்துதான் இருக்கின்றன. வசதி படைத்தவர்களின் வழக்கறிஞர்கள் அங்கும் இருக்கிறார்கள். எனினும், எங்கள் இரண்டாம் பக்கத்து நான்காம் நிபந்தனைக்கு நேர்ந்த கதி அங்கே நேர்வது கடினம்.

நமது மாவட்டங்களில் இவ்வாறான வெளிப்படைத்தன்மைக்கு இன்னொரு அவசியமும் உண்டு. வன எல்லைக்கற்கள், வர்த்தமானி அறிவித்தல்கள், மேய்ச்சற்தரை பறிபோதல் என்று பல ஆண்டுகளாகப் பட்ட அனுபவத்தினால், சுற்றாடல் பாதுகாப்பு என்று ஓர் அலுவலர் வாய் திறந்தாலே காணி போகப் போகிறது என்று எங்கள் மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வாவியோரத்தில் ஓலைக் குடிசை போட்டிருக்கும் மீனவருக்கு வெளியேறுமாறு கடிதம் விரைவாக வருவதையும், அதே வாவியோரத்தில் நிரப்பி எழுப்பப்பட்ட மாடிக் கட்டடத்தின் மதிலை எவரும் தொடாதிருப்பதையும் நாங்கள் பார்த்தே வருகிறோம். அரச நிறுவனங்கள் தமது கட்டடங்களுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் தாழ்நிலத்தைத் தெரிவு செய்து நிரப்புவதையும் காண்கிறோம். மலிவாக, பிணக்கில்லாமல் கிடைக்கும் காணி அதுவே என்பது அவர்கள் கூறும் நியாயம். அனுமதி யாருக்கு, எதற்காக, எந்த நிபந்தனையில் வழங்கப்பட்டது என்பது ஊரறிய ஒட்டப்பட்டால், ஏழைக்கு ஒரு சட்டம் உள்ளவருக்கு ஒரு சட்டம் என்ற முறைப்பாடு உண்மையா பொய்யா என்பதும் ஊரறியத் தெரிந்துவிடும்.

எனவே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலாளர்களையும், பிரதேச செயலாளர்களையும், உள்ளூராட்சி மன்றங்களையும் இப்பத்திரிகையின் வாயிலாகப் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். புதிய சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தாழ்நிலத்திலோ, வாவியோரத்திலோ, கரையோர வலயத்திலோ நிரப்பவும் கட்டவும் வழங்கப்படும் ஒவ்வோர் அனுமதியிலும், அதன் இலக்கத்தையும் நிபந்தனைகளையும் தமிழில் எழுதிய பலகையை வேலை முடியும் வரை காணி வாசலில் நிறுத்த வேண்டும் என்பதையே ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். அதன் பிரதி கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் ஒட்டப்படலாம். அனுமதி வழங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், தண்ணீர் வரும் பக்கத்து அயலவருக்கும் தண்ணீர் போகும் பக்கத்து அயலவருக்கும் ஓர் அறிவித்தல் கொடுக்கப்படலாம். வெள்ளம் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகும் என்பதை எந்த அளவைப் படத்தையும் விட அவர்கள் நன்கறிவார்கள். கமக்காரர் அமைப்புகளிடமும் மீனவர் சங்கங்களிடமும் கேட்டு, ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் உள்ள போக்கு, தோணா, வடிச்சல் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றோடும் சேர்ந்த பள்ளத்தில் இதுவரை எத்தனை பேர்ச் நிரப்பப்பட்டது என்பதை ஆண்டுதோறும் கூட்டி எழுதி வந்தால், துண்டு துண்டாக நடக்கும் நிரப்பல் அப்போதுதான் முழு உருவில் கண்ணுக்குத் தெரியும். அந்த வரைபடத்திற்கான விவரங்களைத் திரட்டித் தர எங்கள் வட்டையின் விவசாயிகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குப் போதும்.

அவசரம் ஏன் என்றால், எங்கள் போக்கிற்கு மேற்கே, அந்த இளைஞரின் காணிக்கு அடுத்ததாக உள்ள பள்ளத்தில், சென்ற வாரம் புதிதாக ஆறு எல்லைக்கற்கள் நடப்பட்டிருக்கின்றன. பன் வெட்டி ஒதுக்கப்பட்டு, டிப்பர் இறங்குவதற்கு வீதியோரத்து மண்ணும் சரிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காணியை நிரப்புவதற்கு அனுமதி கேட்கப்பட்டிருக்கிறதா, கேட்கப்பட்டிருந்தால் வடிச்சலுக்கு எத்தனை அடி விடுமாறு கூறப்பட்டிருக்கிறது என்பதை, கிரவல் வந்து சேருமுன் உரிய அலுவலர்கள் எங்களுக்கு அறியத்தர வேண்டும். மாரி தொடங்க இன்னும் ஏழு வாரங்களே இருக்கின்றன.

இங்ஙனம்,
வாவியோர விவசாயி ஒருவர்,
எழுவான்கரை, மட்டக்களப்பு.